சிங்கப்பூர்த் துறைமுகத்தில் படகுப் பயணம்

தலைநகரும் துறைமுகமும் ஓரிடத்தே அமைந்த நாடுகள் பல. நாடு முழுவதுமே தலைநகராகவும், அத்தலைநகரின் தென்கரை பெரிதும் துறைமுகமாகவும் அமைந்திருத்தல் சிங்கப்பூரின் தனியியல்பு எனலாம். 2024ஆம் ஆண்டில் அங்குக் கையாளப்பெற்ற கொள்கலப் பெட்டிகள், இருபதடிப் பெட்டி என்னும் அளவால் எண்ணுமிடத்து, 4 கோடியே 11 இலட்சம் ஆகும். சாங்காய் ஒன்றே அவ்வாண்டில் அதனை விஞ்சியது. இரண்டு மூன்று நிமிடங்களுக்கு ஒரு கலம் அங்கு வருவதும் போவதுமாக உள்ளது. எந்நேரத்தும் ஏறக்குறைய ஓராயிரம் கலங்கள் அந்நீர்ப்பரப்பில் இருக்கும் என்பர்.

கரையில் நின்று நோக்குவார்க்கு இவ்வியக்கம் புலப்படுவதில்லை. அவர் காண்பன பாரந்தூக்கிகளும் பெட்டிகளின் அடுக்குகளுமே. துறைமுகம் எங்ஙனம் இயங்குகின்றது என்பதை அறிய விரும்புவோர் நீரின்மேற் செல்லல் வேண்டும். அதற்கு வழி எளிது. தென் தீவுகளாகிய செயின்ட் ஜான் தீவுக்கும் கூசுத் தீவுக்கும் செல்லும் பயணப் படகில் ஓர் இருக்கை பெற்றால் போதும். இன்று பெர்ரி எனப் பலரும் வழங்கும் அப்படகில் செல்வோர் காணலாகும் பொருள்களையும் அவற்றின் காரணங்களையும் ஈண்டு விளக்க முற்படுகின்றோம். இந்நீர்ப்பரப்போடு தமிழர்க்கு நெருங்கிய தொடர்பு இருந்தது. அதனை மிகைப்படுத்துதல் எம் கருத்தன்று. அது மறக்கப்பட்டு வருதலின் உரிய இடங்களிற் சுட்டிச் செல்வோம்.

படகு புறப்படும் இடம் மரீனா சவுத் துறை. இது 2006ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர்ப் பயணிகள் கிளிபோர்டு துறையில் ஏறினர். 1933இல் திறக்கப்பெற்ற அத்துறை, ஆளுநராக இருந்த சர் இயூ கிளிபோர்டின் பெயரால் அமைந்தது. அதற்கும் முற்பட்டது 1856இல் எழுந்த ஜான்ஸ்டன் துறை. அதன்கண் தொங்கவிடப்பட்ட சிவப்பு விளக்கினால் சீன மக்கள் அதனைச் 'சிவப்பு விளக்குத் துறை' என்று வழங்கினர். விளக்குடைய துறை மறைந்து கிளிபோர்டு துறை வந்த பின்னரும் அப்பெயரே அதற்கும் நின்றது. ஆட்சியாளர் இட்ட பெயரினும் படகேறுவோர் இட்ட பெயர் நீடு வாழ்தற்கு இஃது ஒரு சான்று. 2008இல் மரீனா அணை முற்றுப்பெற்றதும், முன்பு உவர்நீர்க் கழியாக இருந்த பகுதி நன்னீர்த் தேக்கமாக மாறியது. அணையின் உட்புறம் அகப்பட்ட பழந்துறைக்குக் கடல் இல்லாது போயிற்று. படகுத்துறை தெற்கே சென்றது.

கடல் இவ்வாறு பின்வாங்குதல் சிங்கப்பூருக்குப் புதிதன்று. நகரின் நடுவே இன்று உயர்ந்த மாளிகைகளுக்கிடையே கிடக்கும் தெலோக் ஆயர் தெரு, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கடற்கரையாகவே இருந்தது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியிற் கடல் தூர்க்கப்பட்டது. அத்தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையே எழுந்த நாகூர்த் தர்காவும், தமிழர் 'குச்சுப் பள்ளி' என வழங்கிய அல் அப்ரார் பள்ளிவாசலும், சீனர் 1842இல் கட்டி முடித்த தியான் ஓக் கெங் கோயிலும் அணித்தணித்தே நிற்கின்றன. கடல் கடந்து வந்தோர் கரையேறியவுடன் நன்றி செலுத்துதற்கு எழுந்தவை ஆதலின் அவை அலைவாய்க்கரையில் அமைந்தன. இன்று அவற்றின் வாயிலில் நிற்பவர்க்குக் கடல் தெரியாது. இவ்வரலாற்றை அறியாதார்க்கு, கடலோடிகள் போற்றும் நாகூர் ஆண்டகையின் பெயரால் ஒரு நினைவிடம் அலுவலக மாளிகைகளின் நடுவே ஏன் எழுந்தது என்பது விளங்காது.

இங்குப் படகுத்தொழிலைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் தகும். 1819இல் ஆங்கிலேயர் சிங்கப்பூரில் நிலைகொண்டபின், வந்த கப்பல்கள் ஆற்றுமுகத்திற்கு அப்பால் ஆழ்நீரில் நங்கூரமிட்டு நின்றன. ஆறு ஆழமற்றது; கப்பல் உட்புக இயலாது. ஆகவே கப்பலிலிருந்து சரக்கை இறக்கி ஆற்றங்கரைக் கிடங்குகளிற் சேர்த்தற்குச் சிறு கலங்கள் வேண்டப்பட்டன. தொங்காங் எனப்பட்ட அச்சரக்குத் தோணிகளை முற்காலத்திற் செலுத்தியோருள் பெரும்பாலோர் சோழமண்டலக் கரையினின்றும் போந்த தமிழ் முசுலிம்கள். அக்கால ஏடுகளில் அவர்கள் சூலியர் எனப்படுவர். 1822இல் வகுக்கப்பட்ட நகரமைப்புப் படத்தில் ஆற்றை ஒட்டிச் சூலியர் குடியிருப்பு குறிக்கப்பட்டுள்ளது. ஆற்றருகே செல்லும் சூலியா தெருவின் பெயர் இன்றும் வழங்குகின்றது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தொழில் படிப்படியாகச் சீனர் கைக்கு மாறியது. முகப்பில் கண் எழுதப்பெற்ற சீனத் தோணிகளின் படங்களையே இன்று அஞ்சலட்டைகளிற் காண்கின்றோம். அவற்றிற்கு முன் அவ்வாற்றில் ஓடிய தமிழர் தோணிகளின் நினைவு பெரிதும் மங்கிவிட்டது. ஆற்றைத் தூய்மை செய்யும் பெருந்திட்டத்தின்படி, 1983இல் எஞ்சிய தோணிகள் யாவும் ஆற்றை விட்டு அகற்றப்பட்டன.

ஆட்கள் மறைந்தனரேனும் சொற்கள் முற்றும் மறையவில்லை. மலாய் மொழியில் மரக்கலத்தைக் குறிக்கும் 'காப்பால்' என்பது தமிழ்க் 'கப்பல்' என்பதினின்றும் சென்றது என்பதை அறிஞர் ஒப்புவர். 'கூடாங்' என்னும் மலாய்ச் சொல் தமிழ்க் 'கிடங்கு', தெலுங்குக் 'கிட்டங்கி' என்பவற்றோடு உறவுடையது. அதுவே ஆங்கிலத்திற் புகுந்து 'கோடவுன்' என மீண்டும் நம்மிடம் வந்தது. விரைவுப் படகுகளுள் இரட்டை உடல் கொண்டதனைக் 'காட்டமரான்' என்கின்றனர். அது நம் கட்டுமரமே. ஆயினும் கட்டைகளைப் பிணைத்த மிதவையைக் குறித்த சொல், இரு தனி உடல்களை மேற்றளத்தால் இணைத்த கலத்தைக் குறிக்கலாயிற்று. கடன் ஒருபுறமாக மட்டும் சென்றது எனக் கருதற்க. நாம் வழங்கும் 'மாலுமி', 'சுக்கான்' ஆகியவை அரபு மொழியினின்றும், 'நங்கூரம்' பாரசீகத்தினின்றும் வந்தவை. ஆசிரியன் என்னும் பொருளுடைய அரபுச் சொல்லே தமிழில் மாலுமி எனவும் மலாயில் 'மாலிம்' எனவும் கடலோடியைக் குறித்தது. வழிகாட்டுவோனே கடலில் ஆசிரியன் ஆதலின் இப்பொருள் திரிபு இயல்பானதே.

இனிப் படகேறுவோம். ஏறுமிடத்து முதற்கண் கவனிக்கத்தக்கது, படகு கட்டப்பட்டிருப்பது கல்லாலாகிய கரையிலன்று, மிதக்கும் மேடையில் என்பது. சிங்கப்பூரிற் கடல்நீர் ஏற்றவற்றத்தால் ஏறத்தாழ 3 மீட்டர் வரை உயர்ந்து தாழும். நிலையான படிகளாயின் ஒரு வேளையில் நீருள் மூழ்கும். மறுவேளையிற் படகிற்கு மேலே நிற்கும். மிதவைமேடையோ நீரோடு உயர்ந்து நீரோடு தாழ்தலின் முதியோரும் குழந்தைகளும் எவ்வேளையிலும் ஒரே சீராகக் காலெடுத்து வைக்கலாம். மேடையைக் கரையோடு இணைக்கும் பாலத்தின் சரிவு மட்டுமே வேளைதோறும் மாறும். அச்சரிவைக் கண்டே கடல் ஏறுகின்றதா இறங்குகின்றதா என்பதை உணரலாம்.

படகு வெளிவந்தவுடன் நங்கூரமிட்ட கப்பல்கள் இடப்புறம் கிழக்கே அணியணியாகத் தோன்றும். அவை பெரும்பாலும் ஒரே திசையை நோக்கி நிற்கும். இதனைக் கண்டு வியப்போர் பலர். யாரும் அவற்றை அவ்வாறு நிறுத்தவில்லை. முன்புறத்தே ஒரு சங்கிலியாற் பிணிக்கப்பட்ட கலம், நீரோட்டம் வரும் திசைக்கே முகங்காட்டும். ஓட்டம் திரும்புங்கால் அத்தனை கப்பல்களும் மெல்லத் திரும்பும். ஒவ்வொன்றும் தன் சங்கிலியின் நீளத்தை ஆரையாகக் கொண்டு வட்டமிடுமாகலின், ஒன்றன் வட்டம் மற்றொன்றன் வட்டத்தோடு முட்டாவண்ணம் நிறுத்துதல் துறைமுகத்தார் கடன். நங்கூரமிட்ட கலம் பகலில் முன்புறத்தே ஒரு கரிய உருண்டையைத் தொங்கவிடும். இரவில் வெள்ளை விளக்கேற்றும். 100 மீட்டருக்குக் குறையாத நீளமுடைய கலமாயின் மேற்றளத்தையும் ஒளியுறச் செய்தல் வேண்டும். இரவில் அக்கடல் மற்றொரு நகரம்போல் ஒளிர்வதற்கு இவ்விதியும் ஒரு காரணம்.

கப்பலின் பக்கத்தே தீட்டப்பட்ட கோடுகளையும் எழுத்துக்களையும் பயணி காண்பான். ஒரு வட்டமும் அதனை ஊடறுக்கும் கோடும், அருகே ஏணிப்படிபோற் சில சிறு கோடுகளும் இருக்கும். அவை எவ்வளவு ஆழம் வரை கலத்தை ஏற்றலாம் என்பதற்கு எல்லை. வெப்பநாட்டுக் கடலுக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று, குளிர்காலத்திற்கு ஒன்று, நன்னீருக்கு ஒன்று எனக் கோடுகள் வேறுபடும். கொந்தளிப்பு மிக்க குளிர்காலக் கடலிற் செல்லும் கப்பல் குறைவாகவே ஏற்றல் வேண்டும் என்பது கருத்து. இக்கோடுகள் நீருக்கு மேல் மிக உயர்ந்து தோன்றுமாயின் கப்பல் வெறுமையாக உள்ளது. நீரையொட்டி நின்றால் நிறைந்துள்ளது. இஃதறிந்தார்க்கு ஒவ்வொரு கப்பலும் தன் நிலையைத் தானே உரைக்கும்.

பெருங்கப்பல் ஒன்றன் விலாவில் சிறு கலம் ஒன்று ஒட்டிக்கொண்டு, தடித்த குழாயால் இணைந்து நிற்கும் காட்சி அடிக்கடி காணப்படும். அஃது எரிநெய் ஊட்டும் கலம். கப்பல்களுக்கு எரிநெய் வழங்குவதில் உலகில் முதலிடம் சிங்கப்பூருடையது; 2024இல் விற்பனையானது ஏறத்தாழ 5 கோடியே 49 இலட்சம் டன். சரக்கை இறக்குதற்கன்றி எரிநெய்க்காகவே இங்குத் தங்கிச் செல்லும் கப்பல்களும் பல. இடர்மிகு பொருளை ஏற்றி இறக்கும் கலம் சிவப்புக்கொடி காட்டும். பாதி வெள்ளையும் பாதி சிவப்புமாகிய கொடி பறப்பின், துறைமுக வழிகாட்டி அக்கலத்தில் உள்ளார் என்பது பொருள். மஞ்சட்கொடியின் பொருளைப் பின்னர்க் கூறுவோம்.

இத்துணைக் கலங்களிடையே சிறு படகு எங்ஙனம் இடரின்றிச் செல்கின்றது? நிலத்தில் வண்டியோட்டுவோர் தடையை அழுத்தினால் சில மீட்டரில் நிற்கலாம். நிறைந்த பெருங்கப்பலோ, பொறியை நிறுத்திய பின்னும் சில கிலோமீட்டர் தொலைவு சென்றே நிற்கும். அதன் முகப்பிற்கு அண்மையிலுள்ள நீர்ப்பரப்பு, உயர்ந்த பெட்டியடுக்குகளால் மறைக்கப்பட்டு, மாலுமியின் கண்ணிற்குத் தெரிவதும் இல்லை. ஆதலின் விலகும் பொறுப்பு பெரும்பாலும் சிறியதன்மேல் வைக்கப்பட்டுள்ளது. 1972இல் வகுக்கப்பட்டு 1977 முதல் நடைமுறையிலுள்ள பன்னாட்டு விதிகளின்படி, 20 மீட்டருக்குக் குறைந்த நீளமுடைய கலம், குறுகிய கால்வாயில் மட்டுமே செல்லக்கூடிய கலத்தின் வழியை மறித்தல் ஆகாது. ஒரு சிறு ஊதொலி 'வலம் திரும்புகின்றேன்' என்றும், இரண்டு 'இடம் திரும்புகின்றேன்' என்றும், மூன்று 'பொறியைப் பின்னோக்கி இயக்குகின்றேன்' என்றும் பொருள்படும். விரைந்து ஐந்து முறை ஊதினால், 'உன் கருத்து எனக்கு விளங்கவில்லை' என்பது பொருள். உலகத்தார் அனைவர்க்கும் பொதுவான மொழி ஒன்று உண்டெனின் இவ்வூதொலிகளே அது எனத் தோன்றுகின்றது. அதன் அச்சந்தரும் சொல்லும் ஐயத்தைக் குறிப்பதாகவே உள்ளது.

தென் தீவுகளையும் கடந்து இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்குச் செல்லும் விரைவுப் படகுகளுக்கு மற்றொரு கடமை உண்டு. அவை உலகின் நெருக்கமிக்க கடல்வழிகளுள் ஒன்றாகிய சிங்கப்பூர் நீரிணையைக் குறுக்கே கடத்தல் வேண்டும். அந்நீரிணையின் பிலிப்புக் கால்வாய்ப் பகுதி 3 கிலோமீட்டருக்கும் குறைந்த அகலமுடையது. 1981 முதல் அங்கு மேற்கு நோக்கும் கலங்கட்கு வடபாலும், கிழக்கு நோக்கும் கலங்கட்கு தென்பாலுமாக வழிகள் பிரிக்கப்பட்டுள்ளன. குறுக்கே செல்லும் படகு, அவ்வழிகளைச் சாய்வாகக் கடவாமல், கூடியவரை செங்கோணமாகக் கடத்தல் வேண்டும். செங்கோணமாகச் செல்லின் ஆபத்தான பரப்பில் தங்கும் நேரம் குறையும். எதிர்வரும் கலத்தார்க்கும் தன் முழுப்பக்கத்தைக் காட்டித் தன் போக்கைத் தெளிவாக்கலாம். நேரே செல்ல வேண்டிய படகு இடையில் ஏன் திரும்புகின்றது என வினவும் பயணிக்கு இதுவே விடை. அங்குச் செல்ல ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். பாத்தாமின் கடிகாரம் சிங்கப்பூரினும் ஒரு மணி பின்தங்கியது. புறப்பட்ட நேரத்திற்கே போய்ச் சேரும் வேடிக்கை அப்பயணிகட்கு உண்டு.

விதிகள் உளவாயினும் துன்பம் நேராமற் போகவில்லை. 1983ஆம் ஆண்டு சனவரி 29ஆம் நாள், கெப்பல் துறைமுகத்தினின்றும் வெளியேறிய எனிவெட்டாக் என்னும் துரப்பணக் கப்பலின் உயர்ந்த கோபுரம், செந்தோசாத் தீவுக்குச் செல்லும் கம்பிவடத்தைத் தாக்கிற்று. வடத்தில் தொங்கிய ஊர்திகள் இரண்டு கடலில் வீழ்ந்தன, எழுவர் இறந்தனர். ஏனைய ஊர்திகளில் அகப்பட்ட பதின்மூவரை இரவு முழுதும் முயன்று வானூர்திகளால் மீட்டனர். நீர்மேற் செல்வோர் நீரின் ஆழத்தை மட்டும் நோக்கினாற் போதாது, மேலேயுள்ள உயரத்தையும் கணக்கிடல் வேண்டும் என்பதை அந்நிகழ்ச்சி துறைமுகத்தார்க்கு உணர்த்திற்று. தீவுப் படகில் செல்வோர் வலப்புறத்தே, மலைக்கும் தீவுக்கும் இடையே அவ்வடத்தை இன்றும் காணலாம்.

முக்கால் மணி நேரத்திற்குள் படகு செயின்ட் ஜான் தீவை அடையும். நிழல்தரு மரங்களும் அமைதியும் நிறைந்த அத்தீவில் இறங்குவோர், அதனை விடுமுறை கழித்தற்கென்றே படைக்கப்பட்ட இடமாகக் கருதுதல் கூடும். அதன் வரலாறு வேறு. 1873இல் சிங்கப்பூரில் வாந்திபேதி பரவியதனைத் தொடர்ந்து, 1874இல் இத்தீவில் நோய்த்தடுப்பு ஒதுக்கிடம் அமைக்கப்பட்டது. 1930களில் அஃது உலகின் மிகப்பெரிய ஒதுக்கிடங்களுள் ஒன்றாக விளங்கிற்று. இங்குத்தான் மஞ்சட்கொடி பொருளுடையதாகின்றது. 'என் கலத்தில் நோயில்லை; கரையோடு கலக்க ஒப்புதல் தருக' என்பதே அக்கொடியின் இன்றைய பொருள். ஒப்புதல் கிட்டாத கலத்தின் பயணிகள் நகரைக் கண்ணாற் கண்டும் காலால் மிதிக்க இயலாமல் இத்தீவிற் காத்திருந்தனர்.

அங்ஙனம் காத்திருந்தோருள் தமிழர் மிகப் பலர். நாகப்பட்டினத்தினின்றும் சென்னையினின்றும் மேற்றளப் பயணிகளாகப் போந்தோர், அறைகளில் வந்த செல்வரைப் போலக் கரையேற விடப்படவில்லை. தீவில் இறக்கப்பட்டு, உடையும் உடைமையும் நச்சுநீக்கப்பெற்று, நாட்கணக்கில் வைக்கப்பட்டனர். 1926இல் கட்டப்பெற்று 1970களின் தொடக்கம் வரை தமிழகத்திற்கும் மலாயாவிற்கும் இடையே ஓடிய இரசூலாக் கப்பலின் பெயரை அறியாத பழைய குடும்பம் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அரிது. அக்கப்பலைப் பற்றிப் பேசுவோர் பலர். ஒதுக்கிடத்தைப் பற்றிப் பேசுவோர் சிலரே. புதுநாட்டில் முதன்முதற் பெற்ற வரவேற்பு அத்தகையதாயின் அதனை மக்கட்கு எடுத்துரைக்க மனம் ஒவ்வாமை இயற்கை. ஆயினும் சிங்கப்பூர்த் தமிழரின் வரலாற்றை எழுதுவோர் துறைமுக மேடையிலிருந்து தொடங்குதல் பொருந்தாது. பலர்க்கு அவ்வரலாறு இத்தீவிலேயே தொடங்கிற்று என்பதே எம் கருத்து. பின்னர் இத்தீவில் அரசியற் கைதிகள் வைக்கப்பட்டனர். 1950களில் அபினுக்கு அடிமையானோர் மருத்துவம் பெற்றனர். பிற்காலத்தே சிங்கப்பூர்க் குடியரசின் தலைவரான தேவன் நாயரும் 1950களின் தொடக்கத்தில் இங்குச் சிறைப்பட்டிருந்தவர். இன்று கடலுயிர் ஆய்வுக்கூடம் ஒன்று இங்கு இயங்குகின்றது.

கூசுத் தீவு சிறிது. ஆமைத் தீவு என்பது அதன் சீனப் பெயரின் பொருள். பாறைத்திட்டுக்களாக இருந்ததனை 1975இல் மண்ணிட்டு விரிவாக்கினர். சீனரின் தோவா பெக் கோங் கோயிலும், குன்றின்மேல் மலாய்ப் பெரியோர் அடக்கத்தலங்களும் அங்கு உள்ளன. சீனக் கணக்கின்படி ஒன்பதாந் திங்களில் அடியார் பெருந்திரளாகப் படகேறிச் செல்வர். அவருட் பலர் கோயிலை வணங்கியபின் குன்றேறி மலாய்ப் பெரியோரையும் வணங்குதல் வழக்கம். 2022 ஏப்பிரலில் குன்றின் மீதிருந்த தலங்கள் தீக்கிரையாயின.

திரும்பும் வழியில் இடப்புறத்தே செந்தோசாவும், அதனைத் தொடர்ந்து பிராணித் தீவு, கெப்பல், தஞ்சோங் பகார் ஆகிய துறைகளும் தோன்றும். 1972 சூன் திங்களில் தென்கிழக்காசியாவின் முதற் கொள்கலத்துறை தஞ்சோங் பகாரிலேயே தொடங்கிற்று. ஐந்தாறு பாரந்தூக்கிகள் சேர்ந்து ஒரு கப்பலை வெறுமையாக்கும் திறம் அங்குக் காண்போரை வியக்கச் செய்தது. அத்துறையில் 2017இற் பணி நின்றது. எஞ்சிய நகர்த்துறைகளையும் 2027ஐ ஒட்டி நகரினின்றும் பெயர்த்தல் அரசின் திட்டம். 2022இல் முறையாகத் திறக்கப்பெற்ற துவாசுத் துறை, நாட்டின் மேற்குக் கோடியில், 2040களில் ஆண்டிற்கு 6 கோடியே 50 இலட்சம் பெட்டிகளைக் கையாளும் அளவிற்கு வளர்க்கப்படுகின்றது. ஆங்கு ஓட்டுநரில்லா வண்டிகள் பெட்டிகளை ஏந்திச் செல்கின்றன. நகரின் நடுவே துறைமுகத்தைக் கண்டுகொண்டு படகிற் செல்லும் காட்சி இன்னும் நெடுநாள் நில்லாது.

பழைய துறைமுகக் கழகத்தின் காலத்தில் தஞ்சோங் பகாரில் குடியமர்ந்து சரக்கேற்றிய தமிழ்த் தொழிலாளரின் பேச்சில், கருவிகட்கும் கயிறுகட்கும் கப்பலின் உறுப்புக்கட்கும் வழங்கிய சொற்கள் பலவாதல் வேண்டும். தலைமைப் படகோட்டியைக் குறிக்கும் 'சாரங்கு' முதலிய சில பேரகராதியில் இடம்பெற்றுள்ளன. மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றும் கலந்து பிறந்தவை அகராதிக்கு வெளியே நின்றுவிட்டன. அவர்களுட் பலர் மறைந்தனர். எஞ்சியோர் முதுமை எய்தியுள்ளனர். அவர்களை அணுகி, ஒவ்வொரு சொல்லையும் அது குறித்த பொருளின் படத்தோடு சேர்த்துப் பதிதல் வேண்டும். ஒலிப்பதிவும் உடன் செய்தல் நன்று. சென்னையிலும் தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் அதே தொழில் செய்தோரின் சொற்களோடு அவற்றை ஒப்பிட்டால், எவை கடல் கடந்து சென்றவை, எவை அங்கே பிறந்தவை என்பது புலனாகும்.